மண் உருட்டிய இரும்பு

உலோகம் தேடும் டிடெக்டர் குரல் கொடுத்தால் அங்கே இருப்பது மிதிவெடிதான். துருப்பிடித்த ஆணியாக இருக்கலாம், மீன் டின்னின் மூடியாக இருக்கலாம், யாரோ ஒரு பிள்ளையின் கொலுசுத் துண்டாகக்கூட இருக்கலாம். ஆனால் கண்ணால் கண்டு கையால் எடுக்கும்வரை அது மிதிவெடி. புளியங்கண்டல் வெடிநிலத்தில் மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல்நாள் ஓதப்படும் வேதம் இது. தவமலர் அதைப் பல வருடங்களாகக் கைவிடாமல் காத்தவள். அதனால்தான் அவளுக்குப் பத்து விரல்களும் மிஞ்சியிருந்தன. அணித்தலைவி என்ற பெயரும் கிடைத்திருந்தது.

அந்தப் புரட்டாசிக் காலையில் அவள் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, சின்னக் கரண்டியால் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்து தோண்டக் கூடாது. தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல ஓரத்திலிருந்து விலக்கிக்கொண்டே போகவேண்டும். முகமறைப்புக்குள் மூச்சு ஆவியாகப் படிந்தது. கடைசியில் மண் சரிந்தபோது தெரிந்தது பச்சைப் பிளாஸ்டிக் மூடி அல்ல. கறுப்பும் செம்மையுமாக, பனங்கட்டி அளவில், ஓர் உலோக உருண்டை.

"இன்னுமொண்டு," என்று சொல்லிவிட்டு மெல்லப் பின்வாங்கி எழுந்தாள்.

பக்கத்துப் பாதையில் நின்ற ஜசிந்தா தலையில் கைவைத்தாள். "ஐயோ அக்கா! உந்தச் சனியன் எனக்கும் நேற்று வந்தது. இண்டைக்கு உங்களுக்கோ? ஆரோ ராவில வந்து புதைச்சிட்டுப் போறாங்கள் போல."

இன்னதென்று தெரியாத பொருளைக் கையால் எடுக்க முடியாது. கொக்கி மாட்டி, நீளமான கயிற்றின் மறுமுனைக்குப் போய், மண்மூட்டைகளுக்குப் பின்னால் படுத்து இழுக்க வேண்டும். இழுத்தார்கள். உருண்டை எழும்பிக் குதித்து மணலில் உருண்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் விதிப்படி அந்தப் பாதையில் அன்றைக்கு வேலை நின்றது. எல்லை காட்டும் சிவப்புத் தலை முளைக்குச்சிகளுக்கு நடுவே, ஒரு மீற்றர் அகலப் பாதைகள் பத்துப் பன்னிரண்டு ஏற்கெனவே இப்படி நின்றுபோய்க் கிடந்தன. எல்லாவற்றிலும் இதே உருண்டை. ஒரு மிதிவெடிகூடக் கிடையாது.

பொறுப்பாளர் ரூபன் உருண்டைகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, தன் கூடாரத்திலிருந்து எட்டத் தள்ளியே வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் எதையும் மேலிடத்தின் கண்ணால் பார்த்துப் பழகியவர்.

"எரிகல்லோ தெரியாது," என்றார்.

"எரிகல் எண்டா வரிசையாவோ விழும், சேர்?" என்றாள் ஜசிந்தா. "எங்கட தலைக்கு மேல மட்டும் அளந்து பாத்து விழுத்தினவையோ?"

பழைய இரும்பு வியாபாரி ஒருவன் ஷெல் சூட்டில் உருகிய கம்பி என்றான். யாரோ புதுவகைப் பொறி என்றார்கள். தவமலரும் அப்படித்தான் பயந்தாள். தெரியாத பொருள் தெரிந்த மிதிவெடியைவிடப் பொல்லாதது.

பயத்தைவிடப் பெரியதாக இன்னொன்றும் அவள் நெஞ்சில் கிடந்தது. வேலைக்குக் காசு அனுப்பிய வெளிநாட்டார் மார்கழியோடு நிறுத்துகிறார்கள். அதற்குள் துப்புரவாக்கிய காணிகள் உரியவர்களுக்குப் போகும். மிச்சத்துக்கு முட்கம்பியும் மண்டையோட்டுப் பலகையும்தான். அந்த மிச்சத்தின் கடைசி மூலையில், கடலேரிக்கரையை ஒட்டி, தவமலரின் சொந்தக் காணி இருந்தது. உருண்டைகள் இப்படிப் பாதைகளை நிறுத்திக்கொண்டே போனால் அதுவரை போய்ச் சேர முடியாது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது, கணவன் குணராசா வாசலில் இருந்து செயற்கைக் காலின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். வீடு என்றால் மச்சாளின் வளவில் போட்ட கொட்டில். போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய வருடம், கிணறு எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போன இடத்தில்தான் அவனுடைய கால் போனது.

"இண்டைக்கு எத்தினை முழம் கிட்ட வந்தனீங்கள்?" என்று கேட்டான்.

"ஒரு முழமும் இல்லை. உருண்டை."

"பரவாயில்லை மலர். நான் ஏற்கெனவே ஒரு காலை அங்க வைச்சிட்டுத்தானே வந்தனான். காணி ஆருக்கும் போகாது."

அவன் எப்போதும் இப்படித்தான். அவள் சிரிக்கவில்லை. மச்சாள் உள்ளேயிருந்து பானையைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம்போட வைத்தாள். போன கிழமைதான், தன் மூத்த மகனுக்குக் கல்யாணம் பேசுவதாகவும் வளவு இனித் தேவைப்படும் என்றும் சொல்லியிருந்தாள்.

*

பல்கலைக்கழகத்திலிருந்து தர்சிகா வந்தபோது எல்லோரும் ஒரு பெரிய ஆளை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது மோட்டார்சைக்கிளில், முதுகுப்பையோடு ஒரு மெலிந்த பிள்ளை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் படிப்பிப்பவள். ரூபன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய உருண்டையின் படத்தைப் பார்த்து, தானாகவே கேட்டு வந்திருந்தாள்.

வெடிமருந்து இருக்கிறதா என்று காட்டும் தாளை உருண்டையில் தேய்த்தாள். நிறம் மாறவில்லை. பிறகு, மண்மூட்டைகளுக்குப் பின்னால், ரூபன் நூறுதரம் யோசித்து அனுமதி கொடுத்தபின், ஜசிந்தா இரும்பறுக்கும் வாளால் அதை இரண்டாக அறுத்தாள். உள்ளே வெங்காயம்போல அடுக்கடுக்காகத் துருவும் களிமண்ணும். நடுவில் ஒரு சின்னச் சுருள்வில். அதன் பக்கத்தில் ஓர் ஊசி.

தவமலருக்கு அதை அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை. மிதிவெடியின் வில். மிதிவெடியின் ஊசி. தூக்கத்தில் தொட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"மற்றதெல்லாம் எங்க?" என்று கேட்டாள். "பிளாஸ்டிக் எங்க? மருந்து எங்க?"

தர்சிகா அதைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் அடுக்குகளைப் பார்த்தாள். ஆடாமல் அசையாமல் நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இஞ்ச புற்று இருக்கோ அக்கா?" என்றாள்.

"புற்றோ? நிலம் முழுக்க இருந்தது. எல்லாத்தையும் உடைச்சிட்டம்."

"ஏன்?"

"புற்றுமண்ணில இரும்புச்சத்துக் கூட. டிடெக்டர் சும்மா கத்தும். அதால பாதையில புற்று வந்தா முதல்ல மண்ணெண்ணெய் ஊத்தி, உடைச்சு, ஆழமாக் கிண்டி எறிஞ்சிட்டுத்தான் மிச்ச வேலை. அது சட்டம்."

தர்சிகாவின் முகம் வாடியது. கண்ணாடியை மடியில் வைத்தாள்.

"வெடிமருந்தில நைதரசன் கனக்க இருக்கு," என்று மெதுவாகத் தொடங்கினாள். "கறையான் வாழ்நாள் முழுக்கக் காய்ஞ்ச மரத்தைத்தான் தின்னுது. அதில நைதரசன் இல்லை. எப்பவும் அந்தப் பசியோடதான் இருக்கும். அதின்ர வயித்துக்குள்ள இருக்கிற கிருமிதான் சமைச்சுக் குடுக்கிறது. இஞ்ச இத்தினை வருசமா மண்ணுக்குள்ள மருந்து கசிஞ்சிருக்கு. ஏதோ ஒரு புற்றில, ஏதோ ஒரு கிருமி, அதையும் சமைக்கப் பழகிட்டுது."

அறுத்த பாதியை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினாள்.

"பிளாஸ்டிக்கைக் கடிச்சு உள்ளுக்குப் போகுதுகள். மருந்தைத் தின்னுதுகள். இரும்பைத் தின்னேலாது. துருவையும் மண்ணையும் எச்சிலில குழைச்சு, மிஞ்சினதை ஒரு உருண்டையா மூடி ஒதுக்கி வைக்குதுகள். நாங்கள் மீன்முள்ளைக் கோப்பை ஓரத்தில வைக்கிற மாதிரி. இது அதுகளின்ர குப்பை அக்கா."

"மிதிவெடிக்குள்ள போனா வெடிக்காதோ?" என்றார் ரூபன்.

"மனிசர் மிதிச்சா வெடிக்கும் சேர். கறையான் மிதிச்சா?"

ஜசிந்தாதான் முதலில் சிரித்தாள். "அப்ப அதுகளும் எங்கட ஆக்கள்தான். சம்பளம் இல்லாத ஆக்கள்." சிரிப்பு பாதியில் நின்றது. "அதுகளை இவ்வளவு காலமும் நாங்களே மண்ணெண்ணெய் ஊத்திச் சாகடிச்சுக்கொண்டிருக்கிறம்."

தவமலர் வெளியே வந்து நிலத்தைப் பார்த்தாள். எத்தனை புற்றுகளைத் தன் கையால் உடைத்திருக்கிறாள்! ஒவ்வொன்றையும் கவனமாக, விதி பிசகாமல். ஒரே ஒரு புற்றுமட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. அது இன்னும் யாரும் போய்ச் சேராத மூலையில், முட்கம்பிக்கு அப்பால், அவளுடைய காணிக்குள் நின்றது.

*

அதன்பிறகு வேலை ஓடத் தொடங்கியது. உருண்டை இன்னதென்று தெரிந்துவிட்டதால் இனிக் கயிறும் கொக்கியும் தேவையில்லை. பாதையை நிறுத்தவும் தேவையில்லை. ஒவ்வொரு சத்தத்தையும் முன்போலவே மிதிவெடி என்று எண்ணித்தான் தோண்டினார்கள். உருண்டை வந்தால் தாளால் தேய்த்துப் பார்த்து, கூடையில் போட்டு, அடுத்த சத்தத்துக்குப் போனார்கள். மூலைப் புற்றை நெருங்க நெருங்க மிதிவெடி குறைந்தது, உருண்டை கூடியது.

"இப்பிடிப் போனா எங்கட வேலையும் முடிஞ்சிடும்," என்றாள் ஜசிந்தா, தேநீர் இடைவேளையில். அவள் கணவன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். "அடுத்த வருசம் கறையானுக்கு நியமனக் கடிதம் குடுப்பினம். எங்களுக்கு டாட்டா."

"முடியவேணும் எண்டுதானேடி இவ்வளவு காலமும் குப்புறக் கிடந்தனாங்கள்?" என்றாள் தவமலர்.

"அதை என்ர அடுப்பிட்டச் சொல்லுங்கோ."

தர்சிகா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "கறையான் தின்ன இடத்தையும் ஆரோ ஒராள் போய்ப் பாத்துத்தானே சொல்லவேணும்? உருண்டையைப் பாத்து இது என்ன எண்டு சொல்ல உலகத்தில இப்ப உங்களைவிட்டா ஆள் இல்லை. எத்தினை நாடுகளில இப்பிடி நிலம் கிடக்கு எண்டு தெரியுமோ?"

"பிளேனில ஏத்துவினமோ?"

"ஏத்துவினம்."

"அப்ப நல்ல சீலை ரெண்டு வாங்கவேணும்," என்றாள் ஜசிந்தா. ஆனால் அவள் முகத்தில் பகிடி முழுதாக வரவில்லை. தவமலர் தேநீரோடு கிடைத்த தன் பங்கு பணிஸில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

சிக்கல் ஐப்பசி தொடக்கத்தில் வந்தது. பனங்கூடலுக்குள் பழைய ஷெல் ஒன்று கிடைத்தது. அப்படிப்பட்டவற்றை இருந்த இடத்திலேயே வெடிக்கவைத்து அழிப்பது வழக்கம். அதற்கென்று முகாமின் பின்புறம் மண்மூட்டை அடுக்கிய களஞ்சியத்தில் வெடிமருந்துக் கட்டிகள் இருந்தன. ரூபன் ஒன்றை எடுத்துவந்து வைத்தார். விசில் ஊதினார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திக்கொண்டே இருந்தார்கள்.

வெடிக்கவில்லை.

விதிப்படி காத்திருந்து, போய்ப் பார்த்தபோது, கட்டியின் மேலுறை மட்டும் முழுசாக இருந்தது. உள்ளே வெறும் மண். ரூபன் களஞ்சியத்துக்கு ஓடினார். பெட்டி பெட்டியாகத் திறந்தார். எல்லாம் கடதாசிக் கூடு. சுவரின் அடியில் விரல் தடிப்பில் ஒரு மண்குழாய், நரம்புபோல ஏறியிருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வேற கதை," என்றார். "நிலத்தில கிடக்கிற மிதிவெடியைத் தின்னுது எண்டா எல்லாரும் கைதட்டுவினம். களஞ்சியத்துக்குள்ள பூந்து தின்னுது எண்டா... தர்சிகா, உதுக்கு மிதிவெடியும் பெட்டியில இருக்கிற மருந்தும் ஒண்டோ?"

"ஒண்டுதான் சேர். அதுக்குச் சாப்பாடு. ஆரின்ர சாப்பாடு எண்டு பாக்கத் தெரியாது."

"இதை மேலுக்கு அறிவிச்சா நாளைக்கே வந்து நஞ்சடிப்பினம். ஒரு புற்றையும் விடமாட்டினம். மண், கிணறு, ஒண்டும் மிஞ்சாது." சொல்லிவிட்டு அவர் தவமலரைப் பார்க்காமல் இருக்க முயன்றார். மூலைப் புற்று யாருடைய காணியில் நிற்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மார்கழிக்குள் அந்தக் காணியை முடிக்க அந்தப் புற்று வேண்டும் என்பதும் தெரியும்.

"நீங்கள் சொல்லுங்கோ மலர். நான் பெட்டிகளில தண்ணி பட்டிட்டுது எண்டு எழுதலாம். ஆருக்கும் தெரியவராது."

தவமலர் அந்த மண்குழாயைப் பார்த்தபடி நின்றாள். கிணற்றடியும் அதன் கல்லும் அவள் கண்ணுக்குள் வந்துபோயின. குணராசா தன் பகிடிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த ஆசையும் வந்தது. மச்சாளின் பானைச் சத்தமும் வந்தது.

"கண்டதைக் காணேல்லை எண்டு சொல்லுறது எங்கட தொழிலில இல்லை சேர்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "ஒருக்கா அப்பிடிச் சொல்லிப் பழகினா, பிறகு நான் துப்புரவு எண்டு குடுக்கிற காணியில ஆர் நம்பிக் கால் வைக்கிறது? உள்ளதை உள்ளபடி அறிவியுங்கோ."

"நாளைக்குக் காலமை அறிவிக்கிறன்," என்றார் ரூபன். எழுந்து போகும்போது அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

*

அன்று பின்னேரம் முதல் மழை வந்தது. காய்ந்த மண் பெருமூச்சு விடுவதுபோல ஒரு வாசம் எழுந்தது. சூரியன் இறங்க மழை ஓய்ந்தது. தவமலர் வீட்டுக்குப் போக மனமில்லாமல் முகாமிலேயே நின்றாள். குணராசாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மூலைப் புற்றிலிருந்து புகை வந்தது. அப்படித்தான் முதலில் தெரிந்தது. பிறகு அந்தப் புகை மினுங்கியது.

"ஈசல்!" என்று தர்சிகா கத்தினாள். வாழ்நாளில் ஈசல் பார்க்காதவள்போலச் சேற்றுக்குள் செருப்பில்லாமல் ஓடினாள். "அக்கா, புற்று நிறைஞ்சிட்டுது! வயிறு நிறைஞ்ச புற்றிலயிருந்துதான் இவ்வளவு கிளம்பும். இனி ஒவ்வொரு சோடியும் போய் ஒரு புதுப் புற்று."

ஆயிரமாயிரம் கண்ணாடிச் சிறகுகள் முட்கம்பியைக் கடந்து, மண்டையோட்டுப் பலகைகளைக் கடந்து வந்தன. முகாமின் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. கூடாரங்களின் முன்னால் எரிந்த குழல்விளக்குகளைக் கண்டதும் அவை திரும்பின. விளக்கில் மோதின. சிறகு உதிர்ந்து, மழைநீர் தேங்கிய குழிகளில் விழுந்து துடித்தன. தவளைகள் வரிசைகட்டிக் காத்திருந்தன. தர்சிகா இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். அள்ள அள்ள விழுந்தன.

தவமலர் ஜெனரேற்றரடிக்குப் போய் அதை நிறுத்தினாள்.

இருள் ஒரு போர்வைபோல விழுந்தது. இரைச்சல் அடங்கியதும் சிறகுகளின் சத்தம் கேட்டது. தொலைவில் மழை பெய்வதுபோன்ற ஒரு மெல்லிய சத்தம். ஈசல்கள் தலைக்கு மேலே தடுமாறிச் சுழன்றன. பிறகு, யாரோ வழி சொன்னதுபோல, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின.

ரூபன் கைவிளக்கைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். "ஆர் நிப்பாட்டினது?" என்று தொடங்கியவர், ஈசல் போகும் திசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

கடலேரிக்கு அப்பால், கறுத்த தண்ணீருக்கு மேலே, இருட்டில் ஓரிடம்மட்டும் பகல்போல எரிந்துகொண்டிருந்தது. உயர்ந்த கம்பங்களில் பெரிய பெரிய விளக்குகள். அதன் கீழே நீண்ட கூரைகள். அங்கே என்ன அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் புளியங்கண்டலில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஷெல்களும் சன்னங்களும் லொறி லொறியாகப் போய் இறங்குவதை மட்டும் எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

மினுங்கும் புகை தண்ணீரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சோ நிப்பாட்டினீங்கள்?" என்று ரூபன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஈசல் பாவம் எண்டு நிப்பாட்டினனான் சேர்." அவளும் அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையில் ஈசல் அந்தப் பக்கம் போவதை அவள் அந்தக் கணத்தில்தான் கண்டாள். "திரும்பப் போடட்டோ?"

ரூபன் அக்கரை வெளிச்சத்தையும் நின்றுபோன ஜெனரேற்றரையும் மாறிமாறிப் பார்த்தார். 

"வேண்டாம்," என்றார் கடைசியில். "டீசலை மிச்சம்பிடிப்பம்."

*

காலையில் அவர் சொன்னபடியே அறிவித்தார். ஒரு வரிகூட மறைக்கவில்லை. மேலிடம் அதைப் படித்து, இன்னொரு மேலிடத்துக்கு அனுப்பி, அது ஒரு குழுவைப் போட்டு, குழு கூடித் தேநீர் குடிப்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. நஞ்சுக் குடங்களோடு ஆட்கள் வந்தபோது மூலைப் புற்றைத் தட்டிப் பார்த்தார்கள். தின்ன மருந்து தீர்ந்த அதன் உள்ளே வெறுமை. அதைச் சுற்றித் தவமலரின் அணி ஏற்கெனவே பாதை பாதையாகத் தோண்டி முடித்திருந்தது. கூடை கூடையாக உருண்டைகள். எச்சமாக இரண்டே இரண்டு மிதிவெடிகள். இரண்டையும் தவமலரே எடுத்தாள்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை குணராசாவும் அவளும் காணிக்குப் போனார்கள். நுழைவாயிலில் அவன் தயங்கினான். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் முன்னால் நடந்தாள். தான் வைத்த ஒவ்வொரு அடியின் மேலும் அவன் தன் காலை வைத்துவருவதை, மணலில் கேட்ட சத்தத்தை வைத்தே அறிந்தாள். பாதி வழியில் அந்தச் சத்தம் விலகியது. திரும்பிப் பார்த்தபோது அவன் பாதையை விட்டு இறங்கி, பற்றைகளுக்குள் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்தான்.

கிணற்றில் தண்ணீர் இருந்தது. வாளி இறங்கிய சத்தம் கேட்டு இரண்டு தவளைகள் குதித்தன. ஊரில் கறையான் தின்னாத வீடு இனிக் கிடையாது என்றும், கூரைக்கு இரும்புக் குழாய்தான் போடவேண்டும் என்றும் தவமலர் சொல்லிக்கொண்டிருந்தாள். குணராசா கவனிக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா?"

"இண்டைக்குச் செவ்வாய்தானே?"

"ஓம்."

"அக்கரை ஆமி முகாமில செவ்வாயெண்டா சுட்டுப் பழகுவாங்கள். அவங்கள் வந்த நாள் தொட்டு ஒரு செவ்வாயும் தவறினதில்லை." அவன் கடலேரியைப் பார்த்தான். "ஒரு சத்தத்தையும் காணேல்லை."

தவமலரும் காதைக் கொடுத்தாள். காற்று இருந்தது. நீர்க்காகம் ஒன்று சிறகடித்தது. வேறொன்றுமில்லை. அவள் கயிற்றை இழுத்து, வாளித் தண்ணீரை அவனுடைய கையில் ஊற்றினாள்.

"முதல்ல குடியுங்கோ," என்றாள்.